உப்புப் பாத்தியும் இருபடிச் சமன்பாடும்

"உப்பு வாரப் போறவனுக்கு இருபடிச் சமன்பாடு எதுக்குடா?" பத்தாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன் தோழர்களே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்த வருடம் கீழ்புத்துப்பட்டுப் பக்கம் அம்மா ஒரு பாத்தி குத்தகைக்குப் பேசியிருந்தாள். சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கு. பாத்திக்காரர் கொடுத்த சீட்டில் 'சுற்றளவு 28 மீட்டர், பரப்பு 60' என்று இருந்தது. விடிந்தால் கைநாட்டு. ராத்திரி சீட்டை என்னிடம் நீட்டினாள்.

சுற்றளவு 28 என்றால் நீளமும் அகலமும் சேர்ந்து 14. நீளம் 'ந' என்றால் அகலம் 14 − ந. இரண்டையும் பெருக்கினால் 60 வரவேண்டும்:

ந² − 14ந + 60 = 0

தன்மைகாட்டி 196 − 240 = −44. மெய் மூலமே இல்லை. அப்படியொரு செவ்வகப் பாத்தி பூமியில் கிடையாது!

அம்மாவுக்கு வேறு மாதிரி சொன்னேன். 14-ல் பாதி 7. ஒரு பக்கம் 7-ஐவிட எவ்வளவு கூடுகிறதோ, மறுபக்கம் அவ்வளவு குறையும். அந்த வித்தியாசம் 'வ' என்றால் பரப்பு 49 − வ². எப்படி நீட்டி மடக்கினாலும் 49-ஐத் தாண்டாது. (பாபிலோன்காரர்கள் களிமண் பலகையில் போட்ட கணக்குதான் இது. கி.பி. 628-ல் பிரம்மகுப்தரும் இருபடிக்கு விதி எழுதினார். எனக்கு இதையெல்லாம் பள்ளியில் யாரும் சொல்லவில்லை.)

காலையில் கயிறு பிடித்தோம். 8 மீட்டர், 6 மீட்டர். பரப்பு 48.

பாத்திக்காரர் முணுமுணுத்துக்கொண்டே சீட்டைத் திருத்தினார். கைநாட்டு வைக்குமுன் அம்மா என்னைப் பார்த்தாள். "இன்னொருக்கா படி" என்றாள்.