நிறம் மாறாத நீர்

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், எங்கள் மதரஸாவில் தஹாரத் பாடம் நடந்து கொண்டிருந்தது. கிணற்றுக்கு அருகில் கழிவுக்குழி இருக்குமாயின், நீரின் நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றையும் நோக்க வேண்டும் என்று விளக்கிக் கொண்டிருந்தேன். 13 வயது மாணவன் ஒருவன் எழுந்தான். "உஸ்தாத்! நம் பள்ளிவாசல் கிணற்றில் இந்த மூன்றுமே மாறவில்லையே! பிறகு ஏன் 'குடிக்க வேண்டாம்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள்?" என்று கேட்டான்.

ஒளுவின் சட்டத்தை எடுத்துரைக்க எங்கள் இமாம் இருக்கிறார். நான் கலைப் பட்டம் பெற்றுப் பின்னர் மதரஸாவுக்கு வந்தவன். ஆயினும் அச்சிறுவனின் கேள்வி என்னை விடவில்லை. அதை உங்கள் முன் வைக்கவே இக்கட்டுரை.

சாமளாபுரம் நொய்யலின் கரையிலுள்ள ஊர். விசைத்தறி ஓசையில் விழித்து, விசைத்தறி ஓசையில் உறங்கும் ஊர். ஆற்றுநீரை வாங்கி நிறையும் பெரிய குளம் எங்களுக்கு உண்டு. 2017 ஏப்ரலில் மதுக்கடையை எதிர்த்துச் சாலையில் அமர்ந்த பெண்களின் ஊர் என்று சொன்னால், உங்களில் சிலருக்கு நினைவுக்கு வரலாம்.

நொய்யல் என்றதும் உங்கள் நெஞ்சில் எழுவது திருப்பூரின் சாயநீராகவே இருக்கும். அதில் தவறில்லை. 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு உதவ வேண்டியது; சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிப் போனது. உழவர்கள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூடும்படி ஆணையிட்டது. கழிவுநீரின் ஒரு துளியும் வெளியேறாதபடி சுத்திகரித்தாலன்றித் திறக்க இயலாது என்ற நிலை வந்தது. அந்நாட்களில் வேலையிழந்து ஊர் திரும்பிய குடும்பங்களை எங்கள் ஜமாஅத்திலும் பார்த்தோம். சட்டம் கடுமையாகத்தான் நடந்து கொண்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் ஊருக்கு வரும் நொய்யல், திருப்பூரைத் தொடுவதற்கு முந்திய நொய்யல். கோவை மாநகரின் வீட்டுச் சாக்கடையைச் சுமந்து வருவது அது. சிவப்பும் நீலமுமாக ஓடும் சாயநீர் தன் குற்றத்தைத் தானே பறைசாற்றும். அதைப் படம் பிடிக்கலாம், புட்டியில் அடைத்து நீதிபதியின் மேசைமேல் வைக்கலாம். வீட்டுக் கழிவு அப்படியன்று. மண்ணுக்குள் இறங்கி, பாறை வெடிப்புகளில் ஊர்ந்து, வடிகட்டிய நீர் போலத் தெளிந்து கிணற்றை அடையும். கண்ணுக்கு நல்ல நீர்தான். சோதனைக்கூடத்தின் தாளில்தான் மலக்கிருமி இருப்பது தெரியும். எங்கள் பள்ளிவாசல் கிணற்றுக்கு நேர்ந்தது இதுவே.

கிணற்றுக்கு மேற்கே, மேட்டு நிலத்தில், சில ஆண்டுகளுக்கு முன் வீட்டுமனைப் பிரிவு ஒன்று உருவாயிற்று. 60 வீடுகள் ஒரே மாதிரியாகக் கட்டி விற்கப்பட்டன. வீட்டுக்கொரு செப்டிக் டேங்க். அதற்கு அடுத்து உறிஞ்சுகுழி. குழி தோண்டிய மூன்றாம் முழத்தில் பாறை வந்துவிட்டது. அதோடு நிறுத்திக் கொண்டார்கள். செப்டிக் டேங்க் கழிவைத் தூய்மை செய்து விடுகிறது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அதில் கட்டிப்பொருள் அடியில் படியும், அவ்வளவே. மேலே நிற்கும் நீர் கழிவாகவே வெளியேறும். மண் அதை உறிஞ்சி வடிகட்ட வேண்டும். பாறைமீது மண் ஏது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று அளவிடுவர். அதில் ஏறக்குறைய 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும். அதாவது 108 லிட்டர். 60 வீட்டில் வீட்டுக்கு ஐவர் எனில் 300 பேர். நாளொன்றுக்கு 32,400 லிட்டர்! 6,000 லிட்டர் கொள்ளும் லாரியில் ஐந்து நடைக்கும் மேல். ஆண்டுக்கொரு முறை வரும் கழிவு லாரி எதை அள்ளிச் செல்லும்?

ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் இடையே எத்தனை முழம் இருக்க வேண்டும் என்ற ஆய்வு இடம் பெற்றிருப்பதை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? ஐந்து முழம் என்றோரும் உண்டு, ஏழு முழம் என்றோரும் உண்டு. முழக்கணக்கில் நில்லாமல், குழியின் விளைவு கிணற்றில் தோன்றாத தூரமே தூரம், அது நிலத்தின் இளக்கத்தையும் இறுக்கத்தையும் பொறுத்து மாறும் என்று சட்ட மேதைகள் தெளிவுபடுத்தினார்கள். குழாயும் மின்மோட்டாரும் இல்லாத காலத்தில் அவர்கள் கேட்ட கேள்வியை, மனை விற்பவரிடம் இன்று யார் கேட்கிறார்கள்?

நாட்டின் சட்டமும் இவ்விடத்தில் ஊமையாக இல்லை. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 'நீரோட்டம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் நிலத்தடி நீரும் அடங்கும். தற்போது வறண்டு கிடக்கும் ஓடையும் அடங்கும். ஆண்டில் பாதிநாள் மணல் தெரியும் நொய்யலுக்கும் அதன் ஓடைகளுக்கும் இதைவிடப் பொருத்தமான சொல் வேறில்லை. கழிவுநீரை ஓடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ விடும் ஏற்பாட்டை வாரியத்தின் இசைவின்றி அமைக்கக் கூடாது என்கிறது 25-ஆம் பிரிவு. ஆலைக்கழிவு மட்டுமன்று, வீட்டுக் கழிவும் அதில் உண்டு.

சட்டம் இருந்தும் நடைமுறை எங்கே தடுமாறுகிறது? டெல்லியில் நடந்த ஒரு வழக்கு இதை நன்கு காட்டும். அங்குள்ள மாசு கட்டுப்பாட்டுக் குழு 2006-இல் குடியிருப்பு வளாகங்களையும் வணிக வளாகங்களையும் கட்டிய நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. இசைவு பெறாமல் கட்டியிருக்கிறீர்கள், சுற்றுச்சூழல் இழப்பீடு கட்டுங்கள் என்றது. நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. இழப்பீடு கேட்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லை என்று 2010-இல் ஒரு நீதிபதியும், 2012-இல் இரு நீதிபதிகள் அமர்வும் கூறின. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2025 ஆகஸ்ட் 4 அன்று நீதிபதிகள் பி.எஸ். நரசிம்மா, மனோஜ் மிஸ்ரா ஆகியோர் தீர்ப்பளித்தனர். 33-அ பிரிவின்கீழ் வாரியங்கள் இழப்பீடு விதிக்கலாம், கேடு நேருமுன்பே வங்கி உத்தரவாதமும் கேட்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் அதற்குரிய விதிகளை முதலில் வகுக்க வேண்டும். பழைய நோட்டீஸ்கள் உயிர்பெறா. வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 19 ஆண்டுகள்! கட்டியவர்கள் விற்று, வாங்கியவர்கள் பிள்ளைகளுக்குத் திருமணமே முடித்திருப்பார்கள்.

அந்த வங்கி உத்தரவாதம்தான் என் கண்ணுக்குப் பெரிதாகப் படுகிறது. ஏன் என்பதைச் சொல்கிறேன். 33-அ பிரிவு மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்க ஆணையிடும் அதிகாரத்தையும் தருகிறது. சாய ஆலையில் மின்சாரத்தைத் துண்டித்தால் முதலாளி ஓடி வருவார். குடியிருப்பில் துண்டித்தால் இருட்டில் இருப்பது யார்? அந்த 60 வீடுகளில் ஒன்றில் என் தங்கை வாழ்கிறாள். நகைகளை விற்று, மச்சான் குவைத்திலிருந்து அனுப்பியதைச் சேர்த்து வாங்கிய வீடு. கத்தி வீசப்பட்டால் அது தவறான கழுத்தில் விழும். கட்டுமுன்பே பணம் பிணையாக இருந்தால் உறிஞ்சுகுழி மூன்றாம் முழத்தில் நின்றிருக்காது.

நிற்க. மனை போட்டவர் நம் சமுதாயத்தவர்தாம். எங்கள் மதரஸாவுக்கு ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் அமைத்துத் தந்தவர். ஆகவே பலர் வாய் திறக்கத் தயங்கினார்கள். நான் சோதனைத் தாளுடன் அவர் வீட்டுக்குச் சென்றேன். தேநீர் தந்து உபசரித்தார். தாளைப் படித்துவிட்டு, "உஸ்தாத், ஆற்றையே கெடுத்தவர்கள் எல்லாம் இருக்க, வீடு கட்டித் தந்த என்னிடம் வந்து கேட்கிறீர்களே! விற்று, பத்திரமும் முடிந்துவிட்டது. இனி அது வீட்டுக்காரர்கள் பாடு" என்றார். "உங்கள் தோட்டத்துக் கிணறு எந்தப் பக்கம் இருக்கிறது பாய்?" என்று கேட்டேன். கிழக்கே, அதே சரிவில்தான். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "யோசித்துச் சொல்கிறேன்" என்றார்.

யோசனை மூன்று மாதம் நீண்டது. ஜமாஅத் கூட்டத்தில் ஒருவர், அவர் தந்த மோட்டாரைக் கழற்றித் திருப்பி அனுப்பலாம் என்று ஆவேசப்பட்டார். முத்தவல்லி மறுத்துவிட்டார். அவர் செய்த தர்மம் அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே உள்ளது. கிணறு ஊருக்கும் அவருக்கும் இடையே உள்ளது. இரண்டையும் கலக்காதீர்கள் என்றார். எனக்கு அது மிகச் சரியாகப்பட்டது. பிற சமுதாயத்து அண்டை வீட்டார் கிணறுகளும் அதே சரிவில் இருப்பதால் அவர்களையும் அழைத்துப் பேசினோம்.

1974 சட்டத்தின் 49-ஆம் பிரிவில், 1988 திருத்தத்தால் வந்த ஒரு வழி உண்டு. வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்புத் தந்தால், எந்தக் குடிமகனும் தாமே நீதிமன்றத்தில் முறையிடலாம். தம்மிடமுள்ள அறிக்கைகளைத் தரும்படி வாரியத்தையும் கேட்கலாம். முன்னறிவிப்பை நானே எழுதினேன். கிணறுகளின் இருப்பிடம், சோதனை நாள், மனைப்பிரிவின் சர்வே எண்கள் எல்லாம் அதில் உள்ளன. வீடு வாங்கியவர்கள் மீது நடவடிக்கை கோரவில்லை, கட்டி விற்றவர் தம் செலவில் பொதுச் சுத்திகரிப்பு அமைக்க வேண்டும் என்று தனிப் பத்தியாகக் குறித்தோம். முதல் கையொப்பம் என் தங்கையுடையது. பதிவுத் தபாலில் அனுப்பி இன்றோடு 38 நாட்கள். சென்ற வாரம், மனை போட்டவர் அனுப்பியதாகச் சொல்லி இருவர் நாடாவுடன் வந்து, மனைப்பிரிவின் கீழ்க்கோடியில் காலியாகக் கிடக்கும் பூங்கா இடத்தை அளந்து சென்றிருக்கிறார்கள்.