புரியாத தெலுங்கு ஏன் தொந்தரவு செய்கிறது?

"உங்களுக்குத்தான் தெலுங்கே வராதே, மேல் வீட்டு சீரியல் எப்படித் தொந்தரவு பண்ணும்?"

என் மனைவி கேட்ட கேள்வி. ஹைதராபாத் வந்து ஆறு வருஷமாகியும் என் தெலுங்கு "கொஞ்செம் கொஞ்செம் வச்சு" அளவில்தான் நிற்கிறது. ஆபீஸுக்காக ஒரு பரீட்சைக்குப் படிக்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் நேரம். மேல் வீட்டு டிவிக்கும் அதேதான் நேரம் :-)

கேள்வி நியாயமானது. பதிலும் இருக்கிறது. 1976-ல் கோல், வெல்ஷ் என்ற இரண்டு உளவியலாளர்கள், சிலரிடம் எழுத்துகளை வரிசையாகக் காட்டி நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். பின்னணியில் அவர்களுக்குத் தெரியாத ஜெர்மன் மொழியில் ஒரு வாசிப்பு. தவறுகள் கூடிவிட்டன. வரிசையாக நினைவில் வைக்க மனசுக்குள் சொல்லிப் பார்ப்போம் இல்லையா, வெளியிலிருந்து வரும் பேச்சு அங்கேதான் வந்து மோதுகிறது. அர்த்தம் புரிய வேண்டிய அவசியமே இல்லை. ஃபேன் மாதிரி ஒரே சீரான சத்தம் அவ்வளவு படுத்துவதில்லை. ஏறி இறங்கும் பேச்சுதான் வில்லன். அதுவே பாடத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் வேலை என்றால், புரிகிற மொழி இன்னும் மோசம். அப்படிப் பார்த்தால் எங்கள் ஹாலில் ஓடும் தமிழ் சீரியல்தான் முதல் குற்றவாளி!

எனக்காவது கதவைச் சாத்திக்கொள்ள ஒரு ரூம் இருக்கிறது. எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனின் மகள் இந்த வருஷம் பத்தாவது. செல்லாரில் ஒரே அறை, நாலு பேர், ஒரு டிவி. பக்கத்திலேயே தண்ணீர் மோட்டார், கரண்ட் போனால் ஜெனரேட்டர். கிரூப்ஸ் பரீட்சைக்குப் படிக்கும் பசங்களாவது சிக்கடபள்ளி நூலகத்தில் போய் உட்காரலாம். இவள் ராத்திரியில் எங்கே போவாள்?

தெருவிளக்கில் படித்து உயர் நீதிமன்ற நீதிபதியான முத்துசாமி ஐயர் கதையை நம்மூரில் எல்லாரும் சொல்வோம். அதில் வெளிச்சம் மட்டும்தான் வரும், சத்தம் வராது. நியூயார்க்கில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஒரு பக்கம் ரயில் பாலம். அந்தப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்ததை 1975-ல் கண்டுபிடித்தார்கள். ஆறாம் வகுப்பில் வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு வருஷம். தண்டவாளத்தில் ரப்பர் போட்டு, வகுப்பின் உட்கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகள் பொருத்தினார்கள். 1981-ல் வந்த அடுத்த ஆய்வில் அந்த வித்தியாசமே இல்லை. பிள்ளைகள் மக்கு இல்லை, இடம்தான் சரியில்லை.

எங்கள் மாடியில் அசோசியேஷன் ரூம் ஒன்று மாதத்தில் 29 நாள் பூட்டிக் கிடக்கிறது. சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை அவளுக்குத் திறந்து விடலாமே என்று கேட்டேன். "எல்லாரும் கேட்பாங்களே" என்றார் செயலாளர்.

கேட்கட்டுமே சார். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங். என் கொஞ்செம் கொஞ்செம் தெலுங்கை வைத்துக்கொண்டு பேசப் போகிறேன்.