யாரும் நடாத அடும்பு

ராவணன் மீசையைத் துரத்தாமல் பட்டினப்பாக்கத்தில் வளர்ந்த பிள்ளை இருக்க முடியாது. முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் புல், காய்ந்ததும் தன் காய்க்கொத்தைப் பந்தாகக் கழற்றிவிடும். காற்று அதை உருட்டிக்கொண்டே போகும், போகிற வழியெல்லாம் விதை சிந்தும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு, உருள்வது பெண் செடியின் கொத்து என்பதெல்லாம் பின்னாளில் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அது ஓடும், பிடித்தால் குத்தும், அவ்வளவுதான்.

அதற்குப் பக்கத்திலேயே அடும்பு படர்ந்திருக்கும். நுனியில் பிளந்த தடித்த இலை, காலையில் ஊதாப் பூ, உச்சி வெயிலுக்குள் அது வாடிவிடும். கொடியின் ஒவ்வொரு கணுவும் மணலைத் தொட்ட இடத்தில் வேர் விடும். காற்று கொண்டுவரும் மணல் அங்கே தங்கும், கொடி அதற்கு மேலே ஏறும், மறுபடி மணல் தங்கும். மேடு உண்டாவது இப்படித்தான். அந்த மேட்டுக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டால் அலைச் சத்தம் மட்டும் கேட்கும், கடல் தெரியாது. வீட்டில் தேடினால் நாங்கள் அகப்படாத இடம் அது.

இப்போது நான் இருப்பது பெங்களூரில். கடல் இல்லாத ஊரில் எப்படி இருக்கிறாய் என்று மயிலாப்பூர் உறவுகள் கேட்பார்கள். கடலுக்கென்ன, பொங்கல் விடுமுறைக்குப் போனால் பார்த்துவிட்டு வரலாம், அங்கேயேதான் இருக்கிறது. கரைதான் இல்லை. நான் சொல்வது அந்தச் செடிகள் மூடிய, ஒழுங்கில்லாத கரையை. எலியட்ஸ் பீச்சிலும் மெரினாவிலும் இன்று கரை என்று நாம் மெச்சிக்கொள்வது பெருக்கிச் சலித்துச் சமமாக்கிய மணலை. குப்பையை அள்ளத்தான் இயந்திரம் வருகிறது, சரி. ஆனால் அடும்பின் இளங்கொடிக்கும் பிளாஸ்டிக் கயிற்றுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

மெரினாவின் அகலமே பழைய சங்கதி இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்தின் கற்சுவர் கடலுக்குள் நீண்டது. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அதில் முட்டித் தென்புறத்தில் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. அப்படிப் பார்த்தால் நாம் காற்று வாங்கும் மணலில் பாதி, துறைமுகத்தின் பக்கவிளைவு. செடி வந்து பிடித்துக்கொள்ளும் முன்பே மனிதர்கள் வந்து உட்கார்ந்துவிட்டோம்.

மயிலாப்பூருக்குள் அந்தச் செடிக் கரையின் நினைவைக் காத்து வைத்திருப்பது கோயில்தான். கபாலீசுவரரின் தலமரம் புன்னை. அம்பாள் மயிலாக வந்து பூசித்தது அதன் அடியில்தான் என்பார்கள். பிராகாரத்தில் சுற்றிவந்து கன்னத்தில் போட்டுக்கொள்ளும் எத்தனை பேருக்கு அது கடற்கரை மரம் என்ற நினைப்பு வரும்? உப்புக் காற்றுக்கு அசராத தடித்த இலை, எண்ணெய் தரும் கொட்டை. அந்த எண்ணெயில் விளக்கு எரித்தார்கள், படகுக்கும் பூசினார்கள்.

செடிகளைத் திரும்பக் கொண்டுவர முயன்றவர்கள் உண்டு. அடையாற்றின் உப்பங்கழியில் 58 ஏக்கர், பல வருடங்களாகக் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த இடம். ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் காட்டை வளர்த்த ஜாஸ் புரூக்ஸும் அவருடைய குழுவும் திட்டம் வகுத்துக் கொடுக்க, அதைத் தோண்டித் துப்புரவாக்கி, தண்ணீர் வந்துபோக வழிசெய்து, நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் இனங்களை நட்டார்கள். 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் திறந்தார்கள். நெய்தல் திணையைச் சொன்னவரின் பெயர், பொருத்தம்தான். மதில் இருக்கிறது, வாயில் இருக்கிறது, உள்ளே போக நேரம் இருக்கிறது. அந்த மதில் இல்லையென்றால் மறுபடி இடிபாடுதான் வந்து விழும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கண்டல் செடியைப் பார்க்க வரிசையில் நிற்கும்போது உள்ளுக்குள் ஏதோ ஒன்று ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

அதைவிடக் கோட்டூர்புரம் எனக்கு நெருக்கம். அடையாற்றை ஒட்டிக் குப்பைமேடாகக் கிடந்த நிலத்தை 2006 முதல் 'நிழல்' அமைப்பும் அக்கம்பக்கத்தாரும் மரப் பூங்காவாக மாற்றினார்கள். ஞாயிறு காலைகளில் அங்கே மண்வெட்டி பிடித்ததுதான் சென்னையை விட்டு வந்ததில் எனக்குப் பெரிய இழப்பு. வங்கியில் வேலை பார்ப்பவர், கல்லூரிப் பிள்ளைகள், பேரனோடு வரும் தாத்தா. "அக்கா, இது களையா செடியா?" என்று கேட்டு முடிப்பதற்குள் ஒரு தம்பி அதைப் பிடுங்கியிருப்பான். விதை போடுவதிலும் பாடம் உண்டு. அடும்பு விதையின் ஓடு கடலில் மிதந்து கரையேறும் அளவுக்குக் கெட்டி, சொரசொரப்பான தரையில் தேய்த்துக் கொடுத்தால்தான் சீக்கிரம் முளைக்கும். புன்னைக் கொட்டையின் ஓட்டை மெதுவாகத் தட்டி விரிசல் விடவேண்டும், ஓங்கித் தட்டினால் பருப்பு போச்சு. மரப் பூங்கா என்ற பெயருக்கு மரம்தான் முக்கியம், புதருக்கும் கொடிக்கும் ஆள் சேர்ப்பது கஷ்டம். மரத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், கொடியோடு எப்படி நிற்பது?

கொடியின் அருமையை எனக்குக் காட்டியது ஆமை நடைதான். 1988 முதல் மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று உண்டு. பருவத்தில் நள்ளிரவுக்கு மேல் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்ப்பார்கள். பொரிந்து வெளிவரும் குஞ்சு வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஓடும். முன்பெல்லாம் அது கடலின் பக்கம். முதுகுக்குப் பின்னால் செடி மூடிய மேடு இருட்டாக நிற்கும். இன்று வெளிச்சம் முழுக்கச் சாலைப் பக்கம், மறைக்க மேடும் இல்லை. அந்தக் கரையில் விடிகிற வரை நடந்திருக்கிறேன், கண்ணில் பட்ட அடும்பு அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

நட்டு வளர்க்கும் யாரோடும் எனக்குச் சண்டை இல்லை, நானும் நட்டவள். ஆனால் என் ஏக்கம் நடுவதால் தீருகிற ஏக்கம் இல்லை. பட்டினப்பாக்கத்து அடும்பை யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, பெயர்ப் பலகை வைக்கவில்லை. எங்கள் கண்ணுக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியாத அளவுக்கு நிறைய இருந்தது. அந்த அலட்சியத்துக்குத்தான் நான் ஏங்குகிறேன் என்று சொன்னால் தன்னார்வலர் கூட்டத்தில் முறைப்பார்கள்.

ஊரை விட்டு வந்த பிறகும் நடவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவை விட்டு நான் விலகவில்லை. தொப்பி கொண்டுவாருங்கள், தண்ணீர் கொண்டுவாருங்கள் என்று சனிக்கிழமை தவறாமல் செய்தி வரும். போன வாரம் ஒரு பெண், நாற்றங்காலுக்குப் புன்னை விதை எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தாள். நான் உடனே எழுதினேன்: மந்தைவெளியில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாவது தெரு, வளைவில் பெரிய மரம், ஏழு மணிக்குள் போய்விடும்மா, அதற்கு மேல் பெருக்கித் தள்ளிவிடுவார்கள்.