சோஃபியாவின் கடைசி ஆட்டத்துக்கு நன்றி

அன்புள்ள விஸ்வநாதன் ஆனந்த் அவர்களுக்கு,

2010 மே 11 அன்று சோஃபியாவில், உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டியில் வெசலின் டோபலோவை நீங்கள் வென்ற பன்னிரண்டாவது ஆட்டத்துக்கு நன்றி சொல்லவே இந்த மடல். பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித்தரும் நான், வேறெந்த ஆட்டத்தையும் இத்தனை முறை பலகையில் ஆடிக் காட்டியதில்லை.

அன்று ஆளுக்கு ஐந்தரைப் புள்ளி. எதிராளிக்குச் சொந்த நாடு. வெள்ளைக் காய்களும் அவருக்கே. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சாலை வழியே நீங்கள் வந்து சேர்ந்த போட்டி அது. முதல் ஆட்டத்திலேயே தோல்வி வேறு. அப்படியொரு தொடரின் கடைசி நாளில் நீங்கள் நம்பி எடுத்தது லாஸ்கர் டிஃபென்ஸ்: 27 ஆண்டுகள் உலக சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கரின் பெயரைத் தாங்கிய, நூறாண்டு கடந்த ஓப்பனிங்.

வெள்ளை குயின்ஸ் கேம்பிட்டில் நீட்டும் சிப்பாயை ஏற்காமல் ஆடினால் கறுப்புக்கு இடநெருக்கடி வரும். அதைத் தீர்க்க லாஸ்கர் வழியில் நீங்கள் ஏழாவது நகர்த்தலில் குதிரையை இ4 கட்டத்தில் வைத்தீர்கள். மந்திரிக்கு மந்திரி, குதிரைக்குக் குதிரை வெட்டுப்பட்டு, மற்ற காய்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. டிரா வாங்கத்தான் இந்த ஓப்பனிங் என்பவர்கள் உண்டு. அதற்கு மேல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

28ஆவது நகர்த்தலில் உங்கள் மந்திரி ஏ8 மூலைக்குப் போகிறது. "இந்தக் காய்க்கு இனி என்ன வேலை?" என்று பிள்ளைகளிடம் கேட்பேன். ஒன்றுமில்லை என்பார்கள். மூன்றே நகர்த்தலில் இ4-க்கு ஒரு சிப்பாயைத் தள்ளுகிறீர்கள். டோபலோவ் அதை வெட்ட, உங்கள் ராணி திருப்பி வெட்டிச் செக் வைக்கிறது. அதே மூலைவிட்டத்தில், பின்னால் அந்த மந்திரி! வெள்ளை ராஜா எச்3-க்கும் எச்4-க்குமாக வெட்டவெளியில் அலைகிறார். பிள்ளைகள் எழுந்து நின்றே பார்ப்பார்கள். 56ஆவது நகர்த்தலோடு ஆட்டம் முடிய, பட்டம் உங்களிடமே தங்கியது.

பத்து நகர்த்தலில் எதிராளியைக் கவிழ்க்கும் ஓப்பனிங்குகளைத் தேடித்தான் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். பொறுமையை நான் வாயால் சொன்னால் ஏறுவதில்லை. உங்கள் ஆட்டம் அதைக் கண்ணெதிரே காட்டிவிடுகிறது. இதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த ஆட்டத்தை நகர்த்தல் நகர்த்தலாக விளக்கி, எங்கள் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒருமுறை எழுதுங்கள்.


ஒரு செஸ் ஆசிரியர்