வழிகாட்டும் கருவிகள் இரண்டு

தில்லியில் வாழும் ஒரு குடும்பத்தார் ஜூன் மாத விடுமுறையில் மணாலி வழியாக லே நகருக்கு மகிழுந்திலேயே செல்லத் திட்டமிடுகின்றனர் எனக் கொள்ளலாம். உடை, மருந்து, தின்பண்டம் ஆகியவற்றின் பட்டியல் முடிந்ததும் ஒரு கேள்வி எழும். வழி அறியக் கையிலுள்ள திறன்பேசியே போதுமா, அல்லது அதற்கென்றே செய்யப்பட்ட ஜி.பி.எஸ். கருவி ஒன்றை வாங்கி வண்டியில் பொருத்த வேண்டுமா? "திறன்பேசி செலவின்றி வழி சொல்லும்போது வேறொன்றை வாங்குவானேன்?" என்பார் ஒருவர். "மலையில் அலைபேசிக் கோபுரம் ஏது? கோபுரம் இல்லாத இடத்தில் திறன்பேசிக்கு வழி தெரியாது" என்பார் மற்றொருவர். இரண்டாமவர் கூற்றில் பாதி உண்மை, பாதி பிழை. அந்தப் பாதிகளைப் பிரித்து அறிந்தால் எதை வாங்குவது என்பது தானே விளங்கும்.

இருக்கும் இடத்தைக் கண்டறியும் வேலைக்குக் கோபுரம் தேவையில்லை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் புவியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் அணுக்கடிகாரங்களைச் சுமந்துகொண்டு, தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவிக்கிறது. ஒளியின் வேகத்தில் வரும் அச்செய்தி தரையை அடைய ஒரு நொடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. அந்த நேரத்தைக் கொண்டே தொலைவு கணக்கிடப்படுகிறது. ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவு 300 மீட்டர் மாறிவிடும். கையிலுள்ள கருவியின் கடிகாரமோ அத்துணைத் துல்லியமானதன்று. அதன் பிழையைத் திருத்துவதற்காகவே மூன்று செயற்கைக்கோள்களோடு நான்காவது ஒன்றும் வேண்டப்படுகிறது. இந்தியாவும் தனக்கென ஓர் அமைப்பை உருவாக்கியது. நாவிக் எனப்படும் அதன் முதல் செயற்கைக்கோள் 2013ஆம் ஆண்டு ஏவப்பட்டது.

திறன்பேசி, தனிக் கருவி ஆகிய இரண்டுமே வானிலிருந்து வரும் செய்தியைக் கேட்பவை. எதையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆகவே ஏறத்தாழ 4,900 மீட்டர் உயரமுள்ள பாரலாச்சா லா கணவாயில் நின்றாலும் திறன்பேசி தன் இடத்தை அறியும். அங்கே அதற்கு இல்லாமற்போவது வரைபடம். திறன்பேசி தனக்கு வேண்டிய வரைபடத்தை இணையத்திலிருந்து துண்டு துண்டாகப் பெறுகிறது. இணைப்பு அறுந்தால் வெற்றுச் சாம்பல் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் எஞ்சும். தனிக் கருவியோ நாடு முழுவதற்குமான வரைபடத்தைத் தன் நினைவகத்திலேயே வைத்திருக்கிறது.

இந்த வேறுபாடு மணாலி–லே சாலையில் பெரிதாகிறது. 2020ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை 9.02 கிலோமீட்டர் நீளமுடையது. அதனுள் செயற்கைக்கோள் செய்தி எட்டுவதில்லை என்றாலும், அங்கே பிரியும் சாலை இல்லாததால் கேடில்லை. தாண்டி என்னும் ஊரின் எரிபொருள் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அறிவிக்கும் பலகை நெடுங்காலம் புகழ்பெற்றிருந்தது. அத்தகைய நிலத்தில் தவறான பாதையில் நாற்பது கிலோமீட்டர் சென்று திரும்புவது வெறும் நேர இழப்பன்று. ஜிஸ்பாவைக் கடந்தபின் நெடுந்தொலைவுக்கு அலைபேசித் தொடர்பு கிடைப்பது அரிது. லடாக்கில் பிற மாநிலத்து முன்கட்டண சிம் அட்டைகள் இயங்குவதில்லை என்பதையும் பலர் அங்குச் சென்ற பின்னரே அறிகின்றனர்.

இதற்கு மாற்று உண்டு. செல்லும் பகுதியின் வரைபடத்தை வீட்டிலிருக்கும்போதே திறன்பேசியில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். சில நிமிட வேலைதான்; ஆயினும் பெரும்பாலோர் அதைச் செய்யாமலே புறப்பட்டுவிடுகின்றனர். செய்துவிட்டால் தனிக் கருவியின் பெருமையில் பாதி குறைந்துவிடும்.

நகரத்துக்குள் நிலைமை தலைகீழாகும். தில்லியின் சுற்றுச் சாலையில் மாலை ஆறு மணிக்கு வேண்டுவது வரைபடம் அன்று. நெரிசல் எங்கே என்னும் செய்தி. சாலையில் நகரும் ஆயிரக்கணக்கான திறன்பேசிகளின் வேகத்தைக் கொண்டே அச்செய்தி திரட்டப்படுகிறது. இணைய இணைப்பில்லாத தனிக் கருவிக்கு அது எட்டாது; ஈராண்டுக்கு முன் பதிந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு, நேற்றுத் திறந்த மேம்பாலத்தின் நடுவே "இங்குச் சாலை இல்லை" என்று அது திகைக்கவும் கூடும். மேம்பாலத்தின் மேலே செல்கிறோமா கீழே செல்கிறோமா என்பதில் தடுமாறும் குறை இரண்டுக்கும் பொது.

தனிக் கருவியின் பக்கம் நின்று சொல்லத்தக்கவை வேறு சில உண்டு. அது நடுவழியில் அழைப்பு மணி அடிக்காது. உறவினரின் காலை வணக்கப் படங்களைக் காட்டாது. கோடை வெயிலில் கண்ணாடியருகே வைத்த திறன்பேசி சூடேறித் திரை மங்கும். சில வேளைகளில் அணைந்தும் போகும். வண்டிக்கென்றே செய்த கருவி வெயிலைப் பெரிதும் தாங்கும். சட்டமும் இங்கே கவனிக்கத்தக்கது. வண்டி ஓட்டும்போது கையில் ஏந்தும் தொடர்புக் கருவியை, ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் வழியறிய மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி கூறுகிறது. திறன்பேசியை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்ப்பது எவ்விதத்திலும் இதற்குப் பொருந்தாது. அதை நிறுத்தும் தாங்கி ஒன்று தேவை. அதன் விலை, தனிக் கருவியின் விலையில் மிகச் சிறு பகுதியே.

ஆண்டுக்கு ஒருமுறை மலைக்குச் செல்லும் குடும்பத்துக்குப் பதிவிறக்கிய வரைபடமும் ஒரு தாங்கியும் மின்னேற்றும் கம்பியும் போதும். மாதம் பத்து முறை அச்சாலையில் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர் தனிக் கருவி வாங்கினால் அதை வீண்செலவு என்று சொல்ல இயலாது.

எனினும் ஜிங்ஜிங்பார் பக்கத்து ஓடைகளைப் பற்றி இரண்டு கருவிகளும் எதுவும் சொல்வதில்லை. காலையில் சக்கரத்தின் அடியை நனைத்து ஓடும் நீர், வெயிலேறிப் பனி உருகியதும் பிற்பகலில் சாலையை மறித்துப் பெருகும். எதிரே வரும் லாரி ஓட்டுநர்களும், அங்குச் சாலையைச் செப்பனிடும் எல்லைச் சாலைகள் அமைப்பின் தொழிலாளர்களும் அன்றைய நீரின் அளவை அறிவர். வண்டியை ஓரமாக நிறுத்தி அவர்களிடம் கேட்டால், இப்போதே கடக்கலாமா, ஜிஸ்பாவில் தங்கி விடியற்காலையில் புறப்படுவது நல்லதா என்று சொல்லிவிடுவர்.