எழும்ப மறுத்த பெட்டி

2022 மார்ச் கடைசி. நாடெங்கும் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. உயிலங்குளத்தில், மன்னார் – மதவாச்சி வீதியோரம் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் யூபிஎஸ் கத்திக் கத்தி ஓய்ந்துபோயிற்று. கரண்ட் வந்ததும் சேர்வரின் பொத்தானை அழுத்தினேன். விசிறிகள் சுழன்றன. கறுத்த திரையின் மூலையில் ஒரு சிறு கோடு மினுங்கிக்கொண்டு நின்றது. அதற்குமேல் ஒன்றுமில்லை.

அந்தப் பெட்டிக்குள் பத்து ஹார்ட் டிஸ்குகள். இரண்டு சிறியவற்றில் லினக்ஸ். இரண்டு டெராபைட் வீதமான மற்ற எட்டிலும் எங்கள் சனங்களின் கடதாசிகள். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, படகேறிக் கல்பிட்டியில் இறங்கியவர்கள் சோதனைக்குத் தப்பவைத்துக் கொண்டுபோன காணி உறுதிகள், நிக்காஹ் பதிவுகள், மங்கிய படங்கள். 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்களிடம் ஒவ்வொன்றாக இரவல் வாங்கி ஸ்கேன் செய்திருந்தோம். புத்தளத்தில் ஒரு பிரதி இருந்தது. ஆனால் அது ஒன்றரை வருடம் பழையது.

அடுத்த நாள் காலையில் முசலிப் பக்கத்திலிருந்து ஒரு மாமா வந்துவிட்டார். அவருடைய மூல உறுதியைக் கறையான் தின்றுவிட்டது. காணி வழக்கு அடுத்த கிழமை.

"எல்லாம் உள்ளுக்கதான் இருக்குதெண்டு சொல்றீங்க மகன். பிறகு ஏன் எழும்புதில்ல?"

நல்ல கேள்வி. வெளிநாட்டிலிருந்த கூட்டாளி போனில், "புதுசா இன்ஸ்டோல் பண்ணு மச்சான், அரை மணித்தியாலம்" என்றான். ஒரே அளவில் எட்டு டிஸ்க் வரிசையாய் நிற்கும் இடத்தில் எதன்மேல் இன்ஸ்டோல் பண்ணுவது? எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் வைக்கும் பெயர்கள் நிலையானவை அல்ல. எந்த டிஸ்க் முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு முதல் பெயர். நேற்றைய எஸ்டிஏ இன்று எஸ்டிடி ஆகலாம். டிஸ்கின் முதுகில் அச்சிட்ட தொடர் இலக்கம் ஒன்றைத்தான் நம்பலாம்.

முதலில் எட்டு டேட்டா டிஸ்குகளையும் கழற்றினேன். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டி இலக்கம் எழுதினேன். இது பயந்தாங்கொள்ளித்தனம் என்று சிலர் சிரிக்கக்கூடும். அந்த எட்டையும் பார்ட்டிஷன் பிரிக்காமல் அப்படியே ரெய்டில் சேர்த்திருந்தேன். அப்படிச் சேர்த்தால் ரெய்ட் தன் அடையாளக் குறிப்பை டிஸ்கின் தொடக்கத்திலிருந்து நாலாயிரத்துச் சொச்சம் பைட் தள்ளி எழுதிவைக்கும். க்ரப் என்ற பூட்லோடர் போய் உட்காரும் இடமும் அதுவேதான். ஓர் எழுத்துப் பிசகினால் குறிப்பு அழியும். கழற்றி மேசையில் வைத்த டிஸ்கை எந்தக் கட்டளையும் தொடாது.

மிஞ்சிய இரண்டில் ஒன்று சுழலவேயில்லை. வருடக்கணக்காய் ஓடிய டிஸ்க், ஒருமுறை ஆறி நின்றால் பிறகு கிளம்பாமலே போவதுண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று பிரதி என்பதால் அது செத்தாலும் மற்றது எழுப்ப வேண்டும். ஏன் எழுப்பவில்லை?

இங்கேதான் என் குற்றம் வெளிப்பட்டது. 2020இல் முதல் டிஸ்க் பழுதானபோது, பெட்டியை இரண்டாவதிலிருந்து எழும்பும்படி மாற்றிவிட்டுப் புதியதொன்றைப் போட்டேன். ரெய்ட் இரவு முழுக்கப் பிரதி எடுத்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று படுத்துவிட்டேன். ஆனால் ரெய்ட் பிரதி செய்வது பார்ட்டிஷனுக்குள் இருப்பதை மட்டும். எழுப்பும் கட்டளையோ அதற்கு வெளியே, டிஸ்கின் முதல் 512 பைட்டில், அதிலும் 446 பைட்டுக்குள் இருக்கிறது. அதன் தொடர்ச்சி அடுத்துள்ள வெற்றிடத்தில். புதிய டிஸ்கில் அந்த இடம் இரண்டு வருடமாய் வெறுமையாகக் கிடந்திருக்கிறது. ஓடும் இயந்திரம் அதை ஒருநாளும் சொல்லாது.

யூஎஸ்பியில் இருந்த லினக்ஸை எழுப்பி, ஒற்றைக் காலில் நின்ற ரெய்டைச் சேர்த்து, அதற்குள் நுழைந்து, தொடர் இலக்கத்தை இரண்டுதரம் ஒப்பிட்டு, க்ரப்பை நிறுவினேன். ஒரு வரிக் கட்டளை. பிழையில்லை என்றது.

மறுபடி பொத்தான். எழும்பியது, தொண்ணூறு வினாடி எதையோ காத்திருந்தது, பிறகு அவசர நிலை என்று நின்றுவிட்டது. எனக்கு வேர்த்துவிட்டது. விஷயம் சின்னது. கழற்றி வைத்த எட்டு டிஸ்கையும் அது தேடியிருக்கிறது. 'இல்லாவிட்டாலும் போ' என்று எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதிவைக்க வேண்டிய ஒரு சொல்லை நான் எழுதவில்லை. எழுதினேன்.

லுஹர் தொழுதுவிட்டு வந்து எட்டையும் ஒவ்வொன்றாகச் செருகினேன். வீட்டுக்கார அக்கா தபசு காலத்து மரக்கறிச் சோற்றை மூடிவைத்துவிட்டுப் போயிருந்தார். மாமாவும் நானும் அதைத் தொடவில்லை.

எட்டும் சேர்ந்துகொண்டன. உறுதியைத் திறந்தேன். மாமா திரைக்கு முகத்தை அண்டவைத்து, கடைசிப் பக்கத்தில் அவருடைய வாப்பாவின் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"கரண்ட் போகமுதல் அடிச்சுத் தாங்க மகன். ரெண்டு கொப்பி."