உரசும் இடம்

குறைந்த விலையில் எலெக்ட்ரிக் கிட்டார் கேட்டுப் போனால், "ட்ரெமோலோ இல்லாததா பாத்து எடுங்க சார், ஸ்ருதி நிக்காது" என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் தந்திகள் அமர்ந்திருக்கும் பிரிட்ஜிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ட்ரெமோலோக் கம்பிக் கையை ஒருமுறை அமுக்கி, ஆறு தந்தியும் ஒன்றாகத் தொய்ந்து சுரம் கீழே வழுக்குவதைக் கேட்டுவிட்டால், பிறகு வேறு கிட்டார் கண்ணில் படாது. நான் எடுத்தது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில் வந்த, யாரோ கொஞ்ச நாள் வாசித்து அலுத்துப்போன செகண்ட்ஹேண்ட் சரக்கு.

அசல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை 1954-இல் கொண்டுவந்த லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால், இது மெக்கானிக் மூளை என்று தெரிந்துவிடும். முன்விளிம்பில் ஆறு திருகாணிகள் பிரிட்ஜைப் பிடித்திருக்கின்றன. அதனடியில் தொங்கும் உலோகக் கட்டையை ஸ்பிரிங்குகள் பின்னாலிருந்து இழுக்கின்றன. தராசுதான்: ஒரு தட்டில் தந்திகளின் இழுப்பு, மறு தட்டில் ஸ்பிரிங்கின் இழுப்பு. 9-42 கனமுள்ள தந்தி செட் ஏறத்தாழ 38 கிலோ இழுக்கும். 10-46 போட்டால் 46 கிலோவை ஒட்டி வரும். அதனால்தான் கனமான தந்தி மாட்டியதும் பிரிட்ஜ் முன்பக்கம் சாய்ந்து எழும்புகிறது. ஒரு தந்தியை ஸ்ருதி ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்குகின்றன. புதிதாக வாங்கியவர் வெறுத்துப்போவது இங்கேதான். உள்ளே ஸ்பிரிங் தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு நீளத் திருகாணிகளைக் கொஞ்சம் முறுக்கினால் போதும்.

கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் இந்த வம்பே வேண்டாமென்று ஐந்து ஸ்பிரிங்கையும் மாட்டி, மரத்துண்டு ஒன்றைச் செருகிப் பிரிட்ஜை அசையவிடாமல் செய்துவிட்டார். இன்னொரு கிட்டார் கலைஞரான ஹேங்க் மார்வின் வழி வேறு. பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் 1959-இல் அமெரிக்காவிலிருந்து வரவழைத்துத் தந்த ஸ்ட்ராட்டில், வாசிக்கும்போதே அந்தக் கையையும் பிடித்துக்கொண்டு சுரத்தை மெல்ல நடுங்கவிட்டார். நான் அவர் கட்சி.

ஸ்ருதி நிற்காவிட்டால் எல்லோரும் தந்தியை முறுக்கும் ட்யூனரைத்தான் திட்டுகிறார்கள். காசும் முதலில் அங்கேதான் போகிறது. அதற்கு முன் ஒன்று பார்க்கலாம். கையை அமுக்கிவிட்ட பிறகு தந்தி ஸ்ருதி ஏறி நிற்கிறதா? மேலே இழுத்துவிட்ட பிறகு இறங்கி நிற்கிறதா? இரண்டும் நடந்தால் ட்யூனர்மேல் பழியில்லை. கழுத்தின் தலைமாட்டில் தந்தி படுத்திருக்கும் 'நட்' என்ற பிளாஸ்டிக் துண்டில் அது சிக்கிக்கொண்டு, போன வழியே திரும்பி வர மறுக்கிறது. ட்யூன் செய்யும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம். என் கிட்டாரில் மூன்றாம் தந்தியான ஜி அப்படித்தான் முரண்டு பிடித்தது. கேஸ் வெல்டிங் நாசிலைச் சுத்தம் செய்ய ஹார்டுவேர் கடையில் விற்கும் அரம் போன்ற சன்னக் கம்பிகளால் பள்ளத்தை அளவு பார்த்துத் தேய்த்தேன். ஆழப்படுத்தக் கூடாது, பக்கச் சுவரை மட்டும் தொட வேண்டும். பிறகு பென்சில் முனையைச் சுரண்டி அந்தக் கரித்தூளைப் பள்ளத்தில் பூசினால் தந்தி வழுக்கிக்கொண்டு போய் வருகிறது. விலையைக் குறைக்கிறவர்கள் மரத்தில் குறைப்பதைவிட, இந்தக் கடைசிக் கைவேலையில்தான் அதிகம் குறைக்கிறார்கள் என்பது என் கட்சி.

பிரிட்ஜின் அடியில் தொங்கும் உலோகக் கட்டையில் மட்டும் உண்மையாகவே பொருள் மட்டம். பழைய ஃபெண்டர்களில் எஃகு. மலிவானவற்றில் துத்தநாகக் கலவை. கையைத் திருகி மாட்டும் மரை தேய்ந்து, கை லொடலொடவென்று ஆடுகிறது. அதையே மாதிரியாகக் கொடுத்து எஃகில் செய்து தரச் சொல்லி லேத் பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எந்த வண்டிக்கு சார்?" கிட்டார் என்றதும் சிரித்தார். ஆனால் வெர்னியரை எடுத்ததும் சிரிப்பு நின்றது. தந்தி இடைவெளி சில கிட்டார்களில் 10.5 மில்லிமீட்டர், சிலவற்றில் 10.8, ஐந்து இடைவெளி சேர்ந்தால் ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப்போகும். உடல் ஒல்லியான கிட்டாரில் கட்டையின் உயரமும் குறைய வேண்டும், இல்லையென்றால் முதுகில் துருத்தும். அவர் கேட்டதெல்லாம் சரியான கேள்விகள். இப்போது நாதம் நீண்டு நிற்பதாக என் காது சொல்கிறது. செலவு செய்தவன் காது வேறென்ன சொல்லும்! கை ஆடவில்லை, அது நிச்சயம்.

வயரிங்கிற்குச் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்த சில்லறைச் சாமான்களே போதுமானவையாக இருந்தன. பிக்கப்பை மாற்றச் சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள், சொல்லட்டும்.

இதில் கமகம் வாசிக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. நானும் ஆசைப்பட்டேன். ஆனால் இந்தக் கை ஆறு தந்தியையும் ஒரே உலுக்காக உலுக்கும். அதுவும் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு அளவில். ஆதாரமாக ஒலிக்கவிட்ட சட்ஜமும் பஞ்சமமும்கூடச் சேர்ந்து ஆடினால் அப்புறம் என்ன சங்கீதம்? யூ. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினில் கமகத்தை இடக்கை விரலால்தான் கொண்டுவந்தார். தோடி காந்தாரத்தை நானும் விரலுக்கே விட்டுவிட்டு, இந்தக் கையை ஹேங்க் மார்வின் மெட்டுகளுக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன்.